பச்சையம்மாவுக்கு ஐந்து வயது ஆன நாள்

"ஏம்மா, உங்க வூட்ல உனக்கு முன்னால யாராச்சும் பள்ளிக்கூடத்து வாசப்படி ஏறியிருக்காங்களா?"

நான் வேலையில் சேர்ந்த முதல் நாள், என் நியமன ஆணையை வாங்கிப் பார்த்துக்கொண்டே எங்கள் தலைமையாசிரியர் கேட்டது இது. இல்லை என்றேன். அப்பா விழுப்புரம் ரயிலடியில் மூட்டை தூக்குகிறவர், அம்மா கூலிக்கு மல்லாட்டைக் கடலை உரிக்கப் போகிறவர், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்டவள் நான்தான் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

"அதான் பாத்தேன். பள்ளிக்கூடம் எப்டி நடக்குதுன்னு உனக்குப் புரியவே ரொம்ப நாளாவும். அதுவரைக்கும் பேசாத இரு."

அவர் சொன்னதில் முதல் பாதி சரிதான். பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று புரிய எனக்கு ஒரு வருஷம் பிடித்தது. புரிந்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

இந்த ஜூனில் வேலைக்கு வரப்போகும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். பாடக்குறிப்பு எழுதுவது, கரும்பலகையில் கோணாமல் எழுதுவது எல்லாம் பயிற்சிப் பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். அங்கே சொல்லித் தராத ஒன்று இருக்கிறது. ஒரு பிள்ளை உள்ளே வருவதற்கு முன்பே அதை வெளியே அனுப்பிவிடும் திறமை நம் பள்ளிக்கூடங்களுக்கு உண்டு. கதவை மூடாமலேயே அனுப்பிவிடுவோம்.

எங்களுடையது திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் போய் இறங்கி, ஏரிக்கரை மேலே நடந்தால் வருகிற ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஆசிரியர்கள் இரண்டே பேர். பெரிய வகுப்புகள் தலைமையாசிரியருக்கு, ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் எனக்கு. முதல் வாரம் சேர்க்கை நடந்தது. அந்த ஊரில் யாருக்கும் பிறந்த தேதி கிடையாது. "பெரிய மழை அடிச்சிதே, அந்த ஐப்பசி" என்பார்கள். எந்தப் பெரிய மழை என்று ஒரு சண்டை நடக்கும். அதனால் தலைமையாசிரியர் பேச்சை நம்புவதில்லை, காதைத்தான் நம்புவார்.

உங்களில் பலரும் அப்படித்தான் சேர்ந்திருப்பீர்கள். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. தொடாவிட்டால் ஐந்து இல்லை. அன்று வரிசையில் பெரிய தலையோடு பிறந்த ஒருவன் தோற்றுப்போய் அழுதான். நீளக் கையோடு பிறந்த மூன்றரை வயதுக்காரன் ஒருவன் ஜெயித்து, சேர்ந்த கையோடு அம்மா மடியில் ஏறிப் பால் கேட்டான். அப்பாக்கள் பின்னால் நின்று பிள்ளையின் தலையை லேசாகத் தட்டிச் சாய்ப்பார்கள். "தலைய சாய்க்காத! தலைய சாய்ச்சா வயசு தப்பாப் பூடும்!" என்று தலைமையாசிரியர் கத்துவார்.

கடைசியாக வந்தவள் பச்சையம்மா. அவளுடைய அம்மா அலமேலு கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். பார்த்தவுடன் தெரிந்தது, அந்தப் பெண்ணுக்கு எட்டு வயதுக்குக் குறையாது. வலது கை முழங்கையில் மடங்கி மார்போடு ஒட்டிக்கொண்டிருந்தது, பிறந்ததிலிருந்தே அப்படி. வலது காலையும் கொஞ்சம் இழுத்து வைப்பாள். மற்றபடி அவளுக்கு ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை.

"கைய தூக்கு" என்றார் தலைமையாசிரியர். கை தோள் வரைக்கும்கூடப் போகவில்லை. "எட்டலியே அலமேலு. அடுத்த வருஷம் இட்டுக்கினு வா."

"போன வருஷமும் இதத்தான் சார் சொன்னீங்க. அதுக்கு முன்னாடி வருஷமும் இதத்தான் சொன்னீங்க."

"கை எட்டலன்னா நான் இன்னா பண்றது? வளரணும்ல?"

"இவ தங்கச்சி தனம் உங்க ஸ்கூல்ல ரெண்டாங்கிளாஸ் படிக்கிறாளே சார். அப்ப நான் சின்னவள மொதல்ல பெத்துட்டு, பெரியவள பின்னால பெத்தேங்கறீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும் வாயைத் திறந்தேன். "சார், தங்கச்சிக்கு ஆறுன்னா அக்காவுக்கு எப்டிங்க நாலு?"

"அது கணக்கு" என்றார் அவர். "இது ரூலு."

அலமேலு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பௌர்ணமிக்குப் பௌர்ணமி திருவக்கரைக்குக் கூட்டிப்போய் அம்மனைச் சுற்றவைத்துக் கூட்டிவருகிறவர். ஜூனுக்கு ஜூன் எங்களிடமும் கூட்டிவந்தார். இரண்டு இடத்திலும் அவருக்குக் கிடைத்த பதில் ஒன்றுதான், காத்திரு என்பது. கோயிலில் விபூதியாவது தந்தார்கள்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். தலைமையாசிரியர் எழுதுகிற எங்கள் வருகைப் பதிவேட்டில் இருந்த சில பிள்ளைகளை நான் பார்த்ததே இல்லை. குமாரி என்று ஒரு பெண். ஒன்றாம் வகுப்பு. காய்ச்சல் இல்லை, திருவிழா இல்லை, மழைக்குக்கூட ஒதுங்கியதில்லை. ஒருநாள் தவறாமல் வந்திருந்தாள். வகுப்பில் திரும்பிப் பார்த்தால்தான் இருக்கமாட்டாள். விசாரித்தபோது, அந்தக் குடும்பம் செங்கல் சூளைக்குப் போய் வருஷக்கணக்காகிறது என்றார்கள்.

தலைமையாசிரியரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. பரிவோடு விளக்கினார். "யம்மா, பேரு கொறைஞ்சா இது ஓராசிரியர் பள்ளியாப் பூடும். அப்ப யாரு போவணும்? நான் போவ மாட்டேன், சீனியரு. நீதான் போவணும். குமாரி வந்துக்கினு இருக்கறவரைக்கும்தான் நீயும் வந்துக்கினு இருப்ப."

ஆக, இல்லாத பிள்ளைக்கு இடம் இருந்தது. இருக்கிற பிள்ளைக்கு வயது இல்லை. இதைத்தான் பள்ளிக்கூடம் எப்படி நடக்கிறது என்று அவர் முதல் நாள் சொன்னார் போலிருக்கிறது.

அடுத்த வருஷம் மாசி மாதம் இன்ஸ்பெக்டர் வருவதாகத் தகவல் வந்தது. அவர் வருகிற நாள் காலையில் தலைமையாசிரியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போனார். குமாரிக்கும் அவளைப் போன்றவர்களுக்கும் உடம்பு தேடவேண்டியிருந்தது. ஆடு ஓட்டிப் போனவன் ஒருவன், களத்தில் விளையாடிய இரண்டு பேர், தொட்டிலுக்கும் பள்ளிக்கும் நடுவில் இருந்த ஒருவன் எல்லாரையும் "ஜல்தி, ஜல்தி" என்று ஓட்டிக்கொண்டு வந்தார். பெண் பிள்ளை ஒன்று குறைந்தது. அலமேலு வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினாராம். அலமேலுவே பிற்பாடு எனக்குச் சொன்னார்.

"அலமேலு, உன் பெரிய பொண்ண கொஞ்சம் அனுப்பு. சும்மா ஒக்காந்திருந்தா போதும்."

"இன்னும் வயசாவலன்னீங்களே சார்?"

"இன்னிக்கு மட்டும் ஆயிருக்கு. அனுப்பு."

பச்சையம்மாவை என் வகுப்பில் முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டு, அவளிடம் குனிந்து சொன்னார். "இன்னா, உன் பேரு குமாரி. புரிஞ்சுதா?" அவள் தலையாட்டினாள். பெரியவர்கள் எது சொன்னாலும் தலையாட்டுகிற பெண்தான்.

ஜீப் வந்தது. இளநீர் வந்தது. இன்ஸ்பெக்டர் கண்டிப்பானவர் என்று பெயர். பதிவேட்டை விரித்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தார். ஆடு ஓட்டுகிறவன் தனக்குக் கொடுத்த பெயருக்குச் சரியாக "உள்ளேன் ஐயா" சொன்னான். அவனுக்கு நடிப்பு வந்தது. "குமாரி" என்று படித்தார். பச்சையம்மா அவருடைய பூட்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு பளபளப்பான பூட்ஸை அந்த ஊரில் யாரும் பார்த்ததில்லை.

"குமாரி யாரு?"

தலைமையாசிரியர் பச்சையம்மாவைக் காட்டினார். "எழுந்திரும்மா குமாரி" என்றார் இன்ஸ்பெக்டர். அவள் அசையவில்லை. அவர் அவள் கையைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு, "காதும் கேக்காதா?" என்றார்.

ஒரு வழி திறந்தது என்று தலைமையாசிரியருக்குத் தோன்றியிருக்கவேண்டும். "ஆமாங்க சார். கையும் வராது, காதும் கேக்காது. எங்கியும் சேத்துக்க மாட்டாங்க. நான்தான் மனசு தாங்காம சேத்துக்கினேன்."

"பேசுமா?"

"ம்ஹூம்."

இரண்டு கேள்வியில் ஒரு குழந்தையின் காதும் போயிற்று, வாயும் போயிற்று. மூன்றாவதாக ஒன்று கேட்டிருந்தால் கண்ணும் போயிருக்கும். இன்ஸ்பெக்டர் உருகிவிட்டார். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக அரசாங்கம் திட்டமே வைத்திருக்கிறது, ஆனால் எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்வதில்லை, இந்தப் பள்ளி ஓர் எடுத்துக்காட்டு என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார். தலைமையாசிரியர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போது பச்சையம்மா சொன்னாள்: "எனக்குக் காது கேக்குமே. எம் பேரு பச்சையம்மா."

பேனா நின்றது. "யாரு இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தலைமையாசிரியர் கூரை ஓட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். குமாரி போனால் நீயும் போவாய் என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். விழுப்புரத்தில் என் அப்பா, என் மகள் டீச்சர் என்று ரயிலடியில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பதும் எனக்கு நினைவு வந்தது. தலைமையாசிரியர் சமாளித்துக்கொண்டு ஆரம்பித்தார்: "ஒண்ணுமில்லீங்க சார். புத்தியும் கொஞ்சம்..."

தன் பெயரைச் சரியாகச் சொன்னதற்கு அந்தப் பெண்ணுக்குப் புத்தியும் போகப்போகிறது. அது போய்விட்டால் எழுத்தில் ஏறிவிடும். எழுத்தில் ஏறியது இந்த ஜன்மத்தில் இறங்காது. அவர் அந்த வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் பேசவேண்டும், ஆனால் என்ன பேசுவது? குமாரி என்று ஒருத்தி இல்லை என்று உடைத்துச் சொன்னால் தலைமையாசிரியர் மாட்டுவார், நானும் போவேன். அதற்குப் பிறகு அந்தப் பள்ளியில் பச்சையம்மாவை யார் சேர்த்துக்கொள்வார்கள்?

"இல்லீங்க ஐயா" என்றேன். "இவ பச்சையம்மாதான். ஸ்கூல்ல சேர்றதுக்கு வந்திருக்கா. இன்னிக்கே சேத்துக்கலாம்னுதான் சார் கூட்டிக்கினு வந்தாரு."

"அப்ப குமாரி?"

"குமாரி இன்னிக்கு வரலீங்க ஐயா."

அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை.

தலைமையாசிரியர் மூச்சு விட்டார். இன்ஸ்பெக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். புரிந்துகொண்டதாகக் காட்டினால் மேலே எழுதவேண்டும், எழுதினால் பதில் சொல்லவேண்டும். அவர் அனுபவசாலி. "இவ்ளோ பெரிய பொண்ண இதுவரைக்கும் ஏன் சேக்கல?" என்று மட்டும் கேட்டார்.

"கை எட்டலீங்க சார்."

"எதுக்கு எட்டல?"

"காதுக்குங்க."

நீங்கள் சிரிப்பீர்கள். அவர் சிரிக்கவில்லை. அவரும் அப்படித்தான் பள்ளியில் சேர்ந்திருப்பார். கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு யோசித்தார். "இடது கைய வெச்சிப் பாத்தீங்களா?"

"ரூல்படி வலது கைங்க சார்."

"எந்த ரூலு?"

தலைமையாசிரியர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவரும் யாரிடமும் கேட்டதில்லை.

"தொடும்மா" என்றேன். பச்சையம்மா இடது கையைத் தலைக்கு மேலே போட்டு வலது காதைத் தொட்டாள். தொட்டதோடு விடவில்லை. கம்மலைப் பிடித்து இழுத்தும் காட்டினாள். கை இன்னும் இறங்கியிருந்தால் முகவாயையே பிடித்திருப்பாள். "கரெக்ட்" என்றார் இன்ஸ்பெக்டர். அன்று பச்சையம்மாவுக்கு ஐந்து வயது பூர்த்தியாயிற்று. சான்றிதழின்படி இன்றுவரை அவள் தன் தங்கைக்குத் தங்கை.

சாயங்காலம் அலமேலு வந்து கேட்டார். "பொய்ப் பேருக்கு ஒக்காரப் போனவ, நெஜப் பேருல சேந்துட்டாளாமே. சாருக்கு ஒடம்பு சரியில்லியா டீச்சர்?"

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அன்று நான் தலைமையாசிரியரை மாட்டிவிட்டிருந்தால் ஊரே என்னைப் புகழ்ந்திருக்கும், நான் ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் மறுநாள் காலையில் பச்சையம்மா தினமும் பார்க்கவேண்டிய முகம் அவருடையது. ஒரு பிள்ளைக்காகச் சண்டை போடும்போது, எதிரில் நிற்பவர் நடந்து வெளியே போக ஒரு வாசல் விட்டுவையுங்கள். அவர் அந்த வாசல் வழியாகப் போய், அதைத் தானே கட்டியதாகச் சொல்லிக்கொள்வார். சொல்லிக்கொள்ளட்டும். எங்கள் தலைமையாசிரியர் வருகிறவர்களிடமெல்லாம், "இந்த மாதிரி புள்ளைங்கள நாம விடறதே இல்ல, நம்ம ஸ்கூலு ஸ்பெஷல்" என்று சொல்ல ஆரம்பித்தார். சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டார். நம்பிய பிறகு ஒழுங்காக நடந்துகொண்டார்.

அரசாங்கத்தின் உதவியும் வந்தது. இன்ஸ்பெக்டர் காது கேட்காது என்று முதலில் எழுதியதை அடிக்கவில்லை, அதற்குக் கீழே புதிதாக எழுதினார். ஆபீஸில் மேலே இருப்பதைத்தான் படிப்பார்கள். சில மாதம் கழித்து விழுப்புரத்திலிருந்து ஒரு அட்டைப்பெட்டி வந்தது. தலைமையாசிரியர் கற்பூரம் காட்டிப் பிரித்தார். உள்ளே சட்டைப்பையில் வைத்துக்கொள்கிற சின்னப் பெட்டியும், அதிலிருந்து காதுக்குப் போகிற ஒயரும் இருந்தன. காது கேட்கும் கருவி.

பச்சையம்மா ஆசையாகப் போட்டுப் பார்த்தாள். உடனே கழற்றினாள். "ரொம்ப பேஜாரா கீது டீச்சர். தனம் மூக்கு உறியறதுகூட கேக்குது."

திருப்பித் தர விழுப்புரம் போனேன். ஆபீஸில் எழுத்தர் நிமிர்ந்து பார்க்காமல் கேட்டார். "ரிப்பேரா?"

"இல்லீங்க. புள்ளைக்குக் காது நல்லா கேக்குது."

"கருவி போட்டப்புறமாங்க?"

"போடறதுக்கு முன்னாடியே கேக்குதுங்க. கைதான் வராது."

"கைக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. காதுக்குத்தான் இருக்குது. அதான் அனுப்பியிருக்காங்க. குடுக்கத்தான் எங்களுக்கு ஆர்டர், வாங்கறதுக்கு ஆர்டர் இல்ல. எடுத்துக்கினு போங்க."

அது இன்றும் எங்கள் பீரோவில் உலக உருண்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பள்ளியைப் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுவோம்.

பச்சையம்மாவுக்குத் தேவைப்பட்டது ஒரு ஈரச் சாக்குத் துண்டு. ஒரு கையால் எழுதும்போது சிலேட்டு நழுவி ஓடும். அதை அழுத்திப் பிடிக்க அவளுக்கு இன்னொரு கை இல்லை. நனைத்த சாக்கை அடியில் விரித்ததும் சிலேட்டு நின்றது. வலது பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க சுவர் ஓரமாக இடம் மாற்றினேன். அவ்வளவுதான். அரசாங்கத்தில் இதற்கு ஆர்டர் போடமுடியாது. சாக்கு எங்கள் சத்துணவு அரிசி வந்த சாக்கு.

"இடது கையால 'அ' எழுதினா வெளங்குமா?" என்று தலைமையாசிரியர் ஒருநாள் கேட்டார்.

"இடது கையாலதான சார் அவளுக்கு வயசே வந்திச்சி" என்றேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

கை எனக்குப் பெரிய கஷ்டமாக இல்லை. வேறொன்றுதான் கஷ்டமாக இருந்தது. நான் கேள்வியை முடிப்பதற்குள் "எனக்கு வராது டீச்சர்" என்பாள். எதைக் கேட்டாலும் அதுதான். ஒன்று, இரண்டு சொல்லச் சொன்னால் ஆறுக்கு மேல் நிறுத்திவிட்டு, "எனக்கு வராது." பந்தை உருட்டச் சொன்னால், "எனக்கு வராது." அவள் சூட்டிகையான பெண் என்றோ, ஜன்னலுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு வந்தாள் என்றோ நான் கதை விடமாட்டேன். அவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரியாததால்தான் பள்ளிக்கு வரவேண்டும். ஐந்து வயதில் வந்திருந்தால் அவளுக்குக் கை ஒன்றுதான் வராமல் இருந்திருக்கும். ஒன்பது வயதில் வந்தபோது, தனக்கு எதுவுமே வராது என்பதை வீட்டில் உட்கார்ந்து முழுசாகப் படித்து முடித்திருந்தாள். அந்தப் படிப்பை மறக்கவைக்க எனக்கு எழுத்துச் சொல்லித் தந்ததைவிட அதிக காலம் ஆயிற்று. இரண்டாம் வகுப்புப் பாதியில் ஒருநாள், நான் கேட்காத ஒரு கணக்குக்கு இருந்த இடத்திலிருந்தே விடை சொன்னாள். விடை தப்பு. நான் அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டேன் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

இப்போது ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டாள். திண்டிவனத்தில் ஆறாம் வகுப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. அலமேலு பஸ்ஸில் கூட்டிப்போவார்.

சென்ற மாதம் விழுப்புரத்தில் ஒரு கூட்டம் போட்டார்கள். குறையுள்ள பிள்ளைகளை ஆரம்பத்திலேயே கண்டுபிடிக்கவேண்டும் என்பது பேச்சு. நல்ல பேச்சு, போண்டாவும் நன்றாக இருந்தது. ஆரம்பம் என்றால் எப்போது என்று ஒருவர் எழுந்து கேட்டார். கொஞ்ச நேரம் விவாதித்து, ஜூன் முதல் வாரம் என்று முடிவு செய்தார்கள். சேர்க்கை அப்போதுதானே.

நான் மே மாதத்திலேயே அந்தப் பிள்ளைகளைத் தேடிப் புறப்பட்டுவிட்டேன். லீவுதான், கேட்க ஆள் இல்லை. அலமேலுவையும் கூட்டிக்கொண்டேன். ஓமந்தூர் பக்கம் ஒரு தெருவில் போய்க் கேட்டபோது, "எங்க வூட்ல அந்த மாதிரி யாரும் இல்ல, பக்கத்து வூட்ல கேளுங்க" என்று ஒரு பெண் கதவைச் சாத்தப் பார்த்தார். பக்கத்து வீட்டில் இந்த வீட்டைக் காட்டித்தான் எங்களை அனுப்பியிருந்தார்கள்.

அலமேலு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "நானும் இப்டித்தான்க்கா கதவ சாத்திக்கினு இருந்தேன். தண்ணி குடு, குடிச்சிட்டுப் போறோம்."

தண்ணீரோடு ஒரு சின்னப் பெண்ணும் வெளியே வந்தது. மூன்று வயது. கையில் இருந்த பொரியை ஒவ்வொன்றாக மூக்குக்கு நேரே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு வாயில் போட்டுக்கொண்டது. என் கைக்கடிகாரத்தையும் கன்னத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தது. "வெளயாட்டுக்காரி டீச்சர், எல்லாத்தையும் மோந்து மோந்துதான் பாப்பா" என்றார் அம்மா. சொல்லி முடித்ததும் அவரே மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு உள்ளே போய்ப் புடவையை மாற்றிக்கொண்டு வந்தார்.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். கண்ணாடி போட்டால் தெரியும் என்றார் டாக்டர். அங்கேயே கடைக்குப் போய் அளவு கொடுத்தோம். அவ்வளவு சின்ன மூக்குக்குப் பிரேம் இல்லை என்று கடைக்காரர் தேடிக்கொண்டே இருந்தார். கடைசியில் கிடைத்த ஒன்றும் கன்னம் வரை வழிந்தது. அதையே எடுத்து, இரண்டு பக்கமும் துளை போட்டுத் தரச் சொல்லிவிட்டு, பக்கத்துக் கடையில் தலைக்குப் பின்னால் கட்ட ஒரு முழம் சிவப்பு நாடா வாங்கி வந்திருக்கிறேன்.